மருளும் காலமும்

அந்தி மயங்கும் நேரத்தில் வழியிற் கிடக்கும் கயிற்றைக் கண்டு பாம்பென்று அஞ்சுதல் நம் மெய்ந்நூலார் நெடுங்காலமாக எடுத்தாண்டு வரும் உவமை. கயிற்றரவு என்று அதற்குப் பெயர். விளக்கைக் கொண்டுவந்து காட்டினால் பாம்பு மறைந்து கயிறு புலப்படும், அச்சமும் அகலும். ஆனால், எத்துணை விளக்குகளைக் காட்டினும் ஒருவனுக்கு அது பாம்பாகவே தோன்றிக்கொண்டிருந்தால் என் செய்வது? “நீங்கள் எல்லீரும் கூடிப் பாம்பைக் கயிறுபோல் மாற்றி வைத்து என்னை ஏய்க்கிறீர்கள்” என்று விளக்குப் பிடித்தவனையே அவன் ஐயுற்றால் அவனை யாதென்று சொல்வது?

இத்தகைய தளரா உறுதியையே மனநல மருத்துவர் ஒரு நோய்க்குறியாகக் கொள்கின்றனர். இப்பேச்சில் அதனை ‘மருள் நம்பிக்கை’ என்று குறிப்பிடுகிறேன். அதற்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. ஒன்று, எவ்வளவு சான்று காட்டினும் அது அசையாது. மற்றொன்று, அவனுடைய ஊராரும் உறவினரும் அந்த நம்பிக்கையைத் தாம் கொண்டிருக்கமாட்டார்கள். இந்த இரண்டாம் இலக்கணத்தை மாணவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். ஓர் ஊரார் வழிவழியாகக் கொண்டுள்ள நம்பிக்கை, பிறர் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றினும், நோய் ஆகாது. பிறரெல்லாம் ஒரு கரையில் நிற்க, ஒருவன் மட்டும் மறுகரையில் தனித்து நின்று நடுங்குவதே மருள்.

நான் மருத்துவன் அல்லேன். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஆயின், மருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நோய் பழையது, அது பேசும் பேச்சோ காலத்துக்குக் காலம் மாறுவது. அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து செல்வோமாயின், நோயாளியை நாம் எவ்வாறு நடத்தவேண்டும் என்பதும் விளங்கும்.

பிரான்சு நாட்டை 1380 முதல் 1422 வரை ஆண்ட ஆறாம் சார்லசு மன்னரிடமிருந்து தொடங்குவோம். 1392 ஆம் ஆண்டில் படையுடன் சென்றுகொண்டிருந்தபோது, அவர் திடீரென்று வெறிகொண்டு தம் வீரர் சிலரையே வெட்டிச் சாய்த்தார். அதன்பின் நோய் வருவதும் தணிவதுமாக இருந்தது. தம் உடல் கண்ணாடியாலானது என்றும், யாரேனும் தொட்டால் நொறுங்கிவிடும் என்றும் அவர் அஞ்சினார். உடையாதிருக்கத் தம் ஆடையில் இரும்புக் கம்பிகளை வைத்துக்கொண்டார் என்று எழுதிவைத்துள்ளனர். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவில் இத்தகைய ‘கண்ணாடி மனிதர்’ பலர் இருந்தனர். 1613 இல் எசுப்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசு அப்படிப்பட்ட ஒருவனைக் கதைத் தலைவனாக்கினார். தெளிந்த கண்ணாடி அரிய பொருளாயிருந்த காலத்தில் அது மக்கள் மனத்தைப் பெரிதும் கவர்ந்திருந்தது. வீடுதோறும் கண்ணாடி வந்தபின் அந்த மருளும் அருகிப்போயிற்று.

அடுத்துக் கண்ணாடி இருந்த இடத்தில் இயந்திரம் வந்தமர்ந்தது. இலண்டனில் சேம்சு டில்லி மாத்தியூசு என்றொரு தேயிலைத் தரகர் இருந்தார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் அமைதி உண்டாக்க முயன்று, பாரிசு நகரில் சிறைப்பட்டு, 1796 இல் நாடு திரும்பினார். நாடாளுமன்றத்திலே அமைச்சர் ஒருவரைத் துரோகி என்று கூவியதால், 1797 இல் பெத்லம் மனநோய் இல்லத்தில் அடைக்கப்பட்டார். நகரத்து நிலவறை ஒன்றில் எழுவர் கொண்ட கூட்டம் பெரியதொரு ‘காற்றுத்தறி’யை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவிகளையும் காந்த விசையையும் செலுத்தித் தம் எண்ணங்களைத் திரிக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த எழுவரில் ஒருவனுக்குப் ‘பள்ளியாசிரியன்’ என்று பெயர். நடப்பனவற்றைக் குறித்து வைத்தல் அவன் வேலை. என் தொழிலையும் அவர் விட்டுவைக்கவில்லை!

ஏன் தறி? கார்ட்ரைட்டு விசைத்தறிக்கு உரிமம் பெற்றது 1785 இல். காஞ்சியைச் சூழ்ந்து வாழும் நமக்குத் தறி பழகிய பொருள். கைத்தறியின் ஓசை நெய்பவனுக்குக் கட்டுப்பட்டது. நீராவியால் தானே ஓடும் தறியோ அன்றைய இங்கிலாந்து மக்களுக்குப் புதுமையாகவும் அச்சமாகவும் இருந்தது. அந்தப் பொது அச்சத்திலிருந்து ஓர் இழையை உருவித் தம் நோய்க்கு மாத்தியூசு ஆடை நெய்துகொண்டார்.

அவர் கதை அத்துடன் முடியவில்லை. 1809 இல் அவரை விடுவிக்க உறவினர் முயன்றனர். அவர் தெளிந்த அறிவினரே என்று மருத்துவர் இருவர் சான்றளித்தனர். இதனை மறுப்பதற்காகவே, பெத்லம் இல்லத்தின் மருந்தாளர் சான் ஆசுலம் 1810 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தனி மனநோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதற்பெரு வரலாறு என்று அதனைக் கருதுவர். அதே மாத்தியூசு, இல்லத்திற்குப் புதுக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது தாமே வரைபடங்கள் எழுதி அளித்து, 30 பவுன் பரிசும் பெற்றார். இல்லத்தில் நடந்த கொடுமைகளையும் குறித்து வைத்தார். அவர் 1815 இல் மறைந்தார். அவ்வாண்டு நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணையில் அவருடைய குறிப்புகளும் இடம்பெற்றன. 1816 இல் ஆசுலம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். காற்றுத்தறியைப் பற்றி மாத்தியூசு சொன்னது மருள். காவலர் செய்த கொடுமையைப் பற்றிச் சொன்னதோ மெய். ஒருவன் ஒன்றில் மருண்டான் என்பதற்காக அவன் வாய்மொழி முழுவதையும் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1919 இல் வியன்னா நகரத்து மருத்துவர் விக்டர் தௌசுக்கு, ‘எங்கோ ஓர் இயந்திரம் என்னை ஆட்டுவிக்கிறது’ என்று சொல்லும் நோயாளிகளைப் பற்றித் தனிக் கட்டுரை வரைந்தார். மின்சாரம் வந்தது; மின்னலைகள் மூளையில் பாய்வதாகச் சிலர் சொன்னார்கள். வானொலி வந்தது, வானொலியில் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார்கள். இன்று கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். திருப்பெரும்புதூர் பழம்பதி, 1017 ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய ஊர். ஏரிகளும் நெல்வயல்களும் பனைவரிசைகளும் சூழ்ந்த அந்நாட்டின் முகம் என் வாழ்நாளிலேயே மாறிவிட்டது. 1996 இல் இருங்காட்டுக்கோட்டையில் உந்துவண்டித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998 இல் வண்டிகள் வெளிவந்தன. 2006 இல் கைப்பேசி செய்யும் ஆலை ஒன்று திறக்கப்பட்டு, 2014 இல் மூடப்பட்டது. 2010 இல் ஒரகடத்திலும் பெரிய உந்துவண்டி ஆலை எழுந்தது. இன்று இரவும் பகலும் முறைமாற்றி வேலை நடக்கிறது. தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊரில் ஒரு மூதாட்டி இருந்தார். ஏரிக்கரைப் பனையொன்று தம்மை அதட்டுவதாகவும், இன்னது செய், இன்னது செய்யாதே என்று ஏவுவதாகவும் சொல்வார். வீட்டார் வேப்பிலை அடித்தனர், பூசாரியை அழைத்தனர், இறுதியில் திண்ணைத் தூணில் கயிற்றால் கட்டிவைத்தனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள். அந்த அம்மையார் அத்தூணடியிலேயே முதுமை எய்தி மறைந்தார்.

பல ஆண்டுகள் கழிந்தன. அவருடைய தம்பியின் பேரன் என்னிடம் பயின்று, தொழிற்பயிற்சியும் முடித்து, ஒரகடத்துப் பக்கம் ஓர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தான். இருபத்திரண்டு வயதில் அவனுக்கு உறக்கம் கெட்டது. நண்பர்களை விட்டு ஒதுங்கினான். ஒருநாள் அவன் தாய் என்னைத் தேடி வந்தார். “ஐயா, அங்கே பற்றவைக்கிற இயந்திரக் கை ஒன்று இருக்கிறதாம். அது இவன் மனத்தில் நினைப்பதையெல்லாம் படித்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறதாம். பிள்ளை சோறு தின்ன மாட்டேன் என்கிறான்” என்று கண்ணீர் விட்டார். நான் சென்று அவனருகில் அமர்ந்தேன். இயந்திரம் அப்படிச் செய்யாது என்று வாதிடவில்லை; செய்யும் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. “தம்பி, தூங்கி எத்தனை நாள் ஆயிற்று?” என்று மட்டும் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “பயமாயிருக்கிறது ஐயா” என்றான். மறுநாள் மூவரும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் இயந்திரக் கையின் பேச்சு தணிந்தது. சில திங்களில் மீண்டும் வேலைக்குப் போனான். இன்றும் மருந்தை விடாது உட்கொண்டு வருகிறான்.

ஒரே குடும்பம், ஒரே வகை நோய். முன்னவருக்குப் பனை பேசிற்று; பின்னவனுக்கு இயந்திரம் பேசிற்று. அந்தப் பனை நின்ற இடத்தில் இன்று சரக்குக் கிடங்கு ஒன்று நிற்கிறது. மருளின் ஆடை மாறியது பெரிதன்று. தூணும் கயிறும் இருந்த இடத்திற்கு மருந்து வந்தது பார்த்தீர்களா, அதுவே வரலாற்றின் பேறு.

மருள் எவ்வாறு பிறக்கிறது? மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் உண்டு. ‘இது முக்கியமானது, கவனி’ என்று மனத்துக்கு மணியடிப்பது அதன் பணிகளுள் ஒன்று. மனச்சிதைவு போன்ற நோய்களில் அது தாறுமாறாகச் சுரக்க, ஒன்றுமில்லாத இடத்திலும் மணி அடித்துக்கொண்டேயிருக்கும். எதிரே வருபவர் இருமினால் அதிலே ஒரு பொருள். விளக்கு மினுக்கினால் அதிலே ஒரு செய்தி. மணி ஏன் அடிக்கிறது என்று அறியாத மனம், தனக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒரு விளக்கம் கட்டிக்கொள்கிறது. ஏரிக்கரையில் வாழும் மனம் பனையை எடுக்கும். ஆலையில் உழைக்கும் மனம் இயந்திரத்தை எடுக்கும். இன்று பலரும் ஏற்கும் விளக்கங்களுள் இஃது ஒன்று. குருதி வழியாகவும் இந்நோயின் நாட்டம் ஓரளவு வரக்கூடும். ஆயினும் உறவினர் ஒருவர்க்கு இருந்தால் நமக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

அரியனவாகிய மருள்கள் சில உண்டு. 1923 இல் பிரெஞ்சு மருத்துவர் சோசப் காப்கிரா, தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். தம் கணவரும் மகளும் உண்மையானவர்கள் அல்லர். அவர்களை அகற்றிவிட்டு அச்சு அசலாய் வேறு ஆட்கள் வந்து அமர்ந்துள்ளனர் என்பது அந்த அம்மையாரின் உறுதி. நளன் கதை நீங்கள் அறிவீர்கள். சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வர் நளன் உருவில் வந்து அமர்ந்தபோது, இமையாத கண்ணையும் வாடாத மாலையையும் நிலத்தில் தோயாத காலையும் கண்டு தமயந்தி மெய்யான நளனைத் தெளிந்தாள். காப்கிராவின் நோயாளிக்கு அத்தகைய தெளிவு தரும் அடையாளம் எதுவும் உதவவில்லை. முகத்தை அறியும் ஆற்றல் செவ்வனே இருக்க, அம்முகத்தைக் கண்டதும் நெஞ்சில் ஊறவேண்டிய உரிமையுணர்வு ஊறாமற் போவதே இதன் காரணம் என்று பிற்கால அறிஞர் கருதுகின்றனர். ‘அம்மா முகம்தான், ஆனால் அம்மா அல்ல’ என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

சூல் கோட்டார் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் 1880 இல் இதனினும் துயரமான ஒரு நிலையை விளக்கினார். அவர் கண்ட பெண், தமக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, வயிறு இல்லை என்றார். ஆகவே உணவும் வேண்டியதில்லை என்றார். கடுஞ்சோர்வு நோயின் முற்றிய நிலையில் இவ்வாறு தோன்றுவதுண்டு. அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. இன்று மருந்தும் மின்னதிர்வு மருத்துவமும் பலரை இந்நிலையிலிருந்து மீட்டிருக்கின்றன.

நம் நாட்டில் மருத்துவம் வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். இலண்டனில் மாத்தியூசு அடைபடுவதற்கு மூன்று ஆண்டு முன்னர், 1794 இல், வேலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1871 இல் கீழ்ப்பாக்கத்தில் இலோக்காக்குத் தோட்டம் என்ற இடத்தில் அரசினர் பெரிய காப்பகம் திறந்தனர். தொடக்கத்தில் 145 நோயாளிகள் அங்கு இருந்தனர். நோயாளியை அடைத்துக் காப்பதே அன்றைய நோக்கம். நோயைத் தணிக்கும் மருந்து எவரிடமும் இல்லை.

மருந்து கிடைத்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் மனநோயைத் தணிக்கும் என்று 1931 இல் வங்காளத்து மருத்துவர் சென்னும் போசும் கட்டுரை எழுதினர். 1952 இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு நற்பயன் விளைத்தது. ரிசர்பின் பின்னர் மனநோய் மருத்துவத்தில் வழக்கொழிந்தது. அதனினும் சிறந்த மருந்துகள் தொடர்ந்து வந்தன.

மருந்து வந்த காலத்தில் கீழ்ப்பாக்கத்துக்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் தலைவராயிருந்த அவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். நோயாளி வீடு திரும்பவேண்டும், வேலை செய்யவேண்டும் என்பதே அவர் கொள்கை. 1984 இல் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 2021 இல் மறைந்தார். 1980களின் தொடக்கத்தில், முதன்முதலாக நோய்வாய்ப்பட்ட 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பத்தாண்டு முடிவில் தொடர்பிலிருந்தோருள் பெரும்பாலோர் நன்னிலையில் இருந்தனர் என்பது உலகமே கவனித்த செய்தி. ‘சித்தம் கலங்கினால் வாழ்வு முடிந்தது’ என்ற பழைய தீர்ப்பை அவ்வாய்வு தகர்த்தது.

அப்படியிருந்தும், 2001 ஆம் ஆண்டு ஆகசுட்டு 6 ஆம் நாள் விடியலில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் இல்லம் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணித்து வைத்திருந்தனர். தீயைக் கண்டு ஓடுவதற்கு அவர்களுக்குக் கால் இருந்தது, வழி இல்லை. 28 பேர் மாண்டனர். பாரிசில் நோயாளிகளின் சங்கிலியைக் கழற்றி இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், நம் மண்ணில் நடந்தது இது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணிக்கக் கூடாது என்று தடைசெய்துள்ளது. ஏர்வாடித் தர்காவில் வேண்டுதலோடு மருந்தும் கிடைக்குமாறு அரசு பின்னர் ஏற்பாடு செய்தது. குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் குடும்பங்கள் சென்றது அன்பினால்தான். அந்த அன்புக்கு மருத்துவம் துணை நிற்குமாயின் இரண்டும் பயன்படும்.

இளைஞர்களே, இச்செய்தியை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனச்சிதைவு நோய் வாழ்நாளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை, அல்லது அதனினும் சற்றுக் குறைவானவரைத் தாக்கும். அது பெரும்பாலும் தலைகாட்டுவது பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள். அஃதாவது நீங்கள் கல்லூரியிலும் விடுதியிலும் ஆலையிலும் இருக்கும் பருவத்தில். அதனை முதலில் காணப்போகிறவர் பெற்றோரும் அல்லர், மருத்துவரும் அல்லர். அறைத் தோழராகிய நீங்களே. உறக்கம் கெடுதல், படிப்பிலும் வேலையிலும் பின்னடைதல், தனியே ஒதுங்குதல், காரணமின்றி எல்லோரையும் ஐயுறுதல் ஆகியன முதற்குறிகளாகலாம். இவற்றுள் ஒன்றைக் கண்ட அளவில் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; பல குறிகள் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் வாளாவிருந்துவிடாதீர்கள்.

அவ்வேளையில் தோழனிடம் வாதிட்டு வெல்ல முயலாதீர்கள். வாதம் அவனை இன்னும் தனியனாக்கும். அவன் சொல்வதை மெய்யென்று தலையாட்டவும் வேண்டாம். கதையை விட்டு அச்சத்தைக் கேளுங்கள். உண்டானா, உறங்கினானா என்று வினவுங்கள். வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் தெரிவித்து மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். தன் உயிரை மாய்த்துக்கொள்வதாக அவன் சொன்னால் தனியே விட்டுவிடாதீர்கள். 2022 முதல் இந்திய அரசு நடத்திவரும் 14416 என்ற தொலைபேசி எண்ணில், எந்நேரமும் தமிழிலேயே அறிவுரை பெறலாம், கட்டணம் இல்லை.

இன்னும் ஒன்று. ‘இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவேண்டும்’ என்று வகுப்பறையில் நகையாடும் வழக்கம் நம்மிடை உண்டு. அந்நகைப்பைக் கேட்கும் நாற்பது பேரில் எவனேனும் ஒருவன் தன் அண்ணனைப் பற்றியோ தன்னைப் பற்றியோ அஞ்சிக்கொண்டிருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டபின் அவன் வாய் திறப்பானா? வாய் திறவாதவனுக்கு எந்த மருந்தும் போய்ச் சேர்வதில்லை. அந்த நகைப்பைக் கைவிடுவதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, செல்வமும் வேண்டியதில்லை. நாளைக் காலை வகுப்பிலேயே நீங்கள் அதனைச் செய்யலாம்.